பேர் வெட்டுன வாட்ச்

செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்க. சேலத்துல இருந்து பஸ்ஸுலயேவா வந்தீங்க? உக்காரலாம், உக்காரலாம். அதுக்கு முன்னால அந்தக் குழாயில கையக் கழுவிட்டு வந்துருங்க. மோதரம் போட்டிருக்கீங்க பாருங்க, அதையும் கழட்டி அந்தத் தட்டுல வெச்சிருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. என்ர பொருளத் தொட வர்றவங்க எல்லாத்துக்கிட்டயும் இதத்தான் சொல்றது. மோதரத்துல ஒரு ஓரம் பட்டாப் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்துரும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கதவ நான்தானுங்க சாத்துனேன். ரோட்டுத் தூசி வருது.

இதா, இதுதான் வாட்ச்சுப் பெட்டி. வெளிப்பெட்டி, உள்பெட்டி, பில்லு, கியாரண்டி கார்டு, சங்கிலியில கழட்டுன கண்ணி ரெண்டு. கண்ணாடி மேல ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளுகூட இருக்குது பாருங்க, ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு வாங்குனதுங்க. சுவிட்சர்லாந்து சாமான். வாங்கி ரெண்டு வருசத்துல கையில கட்டுனது நாலே தடவைதான். அதுலயும் ஒரு தடவை சாவு வீடு, போன ஒடனே கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அழுவறவங்க வந்து கையப் புடிப்பாங்க பாருங்க.

நீங்க போன்ல கேட்டீங்கள்ள, இந்த மாதிரி சாமானெல்லாம் வெலை நிக்குமான்னு. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. நகை வாங்கிப் போடு, எடம் வாங்கிப் போடு, வாட்ச்சுலயும் இயர்போன்லயும் போட்ட காசு தண்ணியில போட்டதுதான்னு என்ர மச்சான் கதிர்வேல்கூடச் சொல்லுவான். மச்சான்னா எங்கூட்டுக்காரியோட அண்ணன். எனக்கு அப்படி இல்லீங்க. நான் எம்பதாயிரத்துக்கு ஒரு இயர்போன் வாங்குனேன். ஒன்றரை வருசம் கேட்டுப்போட்டு எழுவத்தெட்டுக்குக் குடுத்தேன். எப்படின்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போடறது. தலைக்குக் குளிச்சு, காது நல்லாக் காஞ்சதுக்கு அப்பறம் அரை மணி நேரம். காதுக்குள்ள போற ரப்பரு கூடவே வருமுங்க, அத நான் பிரிக்கவே இல்ல. தனியா வேற வாங்கிப் போட்டுக்கிட்டேன். வாங்குன ஆளு பிரிச்சுப் பாத்துட்டு, ஏனுங்க இதப் போட்டுப் பாட்டே கேக்கலீங்களான்னு கேட்டாரு. எனக்கு அவ்வளவு சந்தோசமுங்க அன்னைக்கு.

அதுக்கு முன்னால பவானியில இருந்து ஒருத்தன் அதே இயர்போனப் பாக்க வந்தான். வந்தவன் பெட்டியில இருந்து எடுக்கறப்ப வயரப் புடிச்சுத் தூக்குனான். வயருங்க. முயலக் காதப் புடிச்சுத் தூக்கற மாதிரி. இயர்போன வாங்கிப் பெட்டியில வெச்சு, பெட்டிய மூடி, அலமாரியில வெச்சுட்டு வந்து, வாயிலயே ஒண்ணு வெச்சேன். பல்லு ஒண்ணு தரையில விழுந்துருச்சு. அது முன்னாலயே ஆடிட்டிருந்த பல்லுதானுங்க, அவனே அப்படித்தான் சொன்னான். எதுக்குச் சொல்றேன்னா, பொருளு வெலை நிக்கறது சும்மா இல்ல. அதுக்கு ஒரு ஆளு நின்னு காக்கணும்.

திருப்பாதீங்க. பின்னால இப்பப் பாக்க வேண்டாம். நான் சொல்லிப்போட்டுக் காட்டறேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வெளம்பரத்துலயே போட்டிருக்கேன், பின்பக்கம் எழுத்து இருக்குதுன்னு.

எங்கூட்டுக்காரி பேரு தவமணி. கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம். கொழந்தைங்க இல்லீங்க. அவ மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. நல்லா சமைப்பா, சத்தம் போட மாட்டா. ஒண்ணே ஒண்ணு, அவளுக்குப் பொருளோட அருமை தெரியாது. இந்த வீட்டுல எதுவும் தங்கறதில்லைம்பா. கேமரா வாங்குனேன், வித்தேன். பாட்டுப் பொட்டி வாங்குனேன், வித்தேன். மூணு வாட்ச்சு வாங்கி மூணயும் வித்தாச்சு. வர்றதும் போறதுமாவே இருக்குது, பஸ் ஸ்டாண்டுல குடியிருக்கற மாதிரி இருக்குதும்பா. ஏண்டி, வித்தாத்தானே அது நல்லா வெச்சிருந்த பொருளுன்னு தெரியும்னு நான் சொல்லுவேன். எந்திரிச்சு உள்ள போயிருவா.

அவ சீரு கொண்டாந்த பாத்திரம் அத்தனையிலயும் பேரு வெட்டியிருக்குமுங்க. குண்டா, சொம்பு, தாம்பாளம், கரண்டியிலகூட. உங்க வீட்லயும் இருக்குமே. விசேசத்துக்குக் குடுத்து வாங்குனாலும் மாறிப் போயிரக் கூடாதுன்னு கடையிலயே பேரு வெட்டிக் குடுப்பாங்கள்ள, அதுதான். அவளுக்கு அது ஒரு பழக்கம். எது வாங்குனாலும் பேரு வெட்டுனாத்தான் அது நம்ம வீட்டுப் பொருளு.

போன மாசம் எங்க கல்யாண நாளுங்க. நான் மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன், மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்தேன். எல போட்டு, பருப்புப் பாயசமெல்லாம் வெச்சிருந்தா. பட்டுச் சேலை கட்டியிருந்தா. எனக்கு அன்னைக்குக் கல்யாண நாளுங்கறதே நெனப்புல இல்ல. உள்ள போயி ஒரு தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், நடுவுல இந்த வாட்ச்ச வெச்சுக் கொண்டாந்து நீட்டுனா. பெட்டியில இருந்து வெளிய எடுத்ததுக்கே எனக்கு சுருக்குன்னுச்சு. திருப்பிப் பாருங்கன்னா.

இப்ப நீங்க திருப்பலாமுங்க. பாத்தீங்களா. புள்ளி புள்ளியா, சொம்புல வெட்டற எழுத்து. தவமணி ஜெகதீசன். கீழ கல்யாணத் தேதி. பக்கத்துல ஒரு பூ. பூவுக்கு வெட்டுன ஆளு காசு வாங்கலையாமுங்க.

அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா, "இத மட்டும் யாருக்கும் வித்துறாதீங்க. இதுல நாம ரெண்டு பேரும் இருக்கோம்."

நான் கோவக்காரன் இல்லீங்க. ஆரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கோவக்காரனா இருந்தா வாட்ச்சோடயே அடிச்சிருப்பேன். நான் வாட்ச்ச எடது கைக்கு மாத்திட்டுத்தான் அடிச்சேன். ஒரே அடி. கன்னத்துக்குத்தான் ஓங்குனேன், அவ தலையத் திருப்பிட்டா, காதுல பட்டுருச்சு. அவ திருப்புனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? தாம்பாளம் விழுந்து, பாயசம் கொட்டி, அவ செவத்தோரம் உக்காந்துட்டா. காதுல இருந்து கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. பட்டுச் சேலையில பட்டுச்சு. வாட்ச்சு மேல ஒரு சொட்டுப் பாயசம் தெறிக்கலீங்க, அப்படிப் பாத்துக்கிட்டேன்.

ஆருடி வெட்டுனதுன்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன், காதுல விழாத மாதிரியே உக்காந்திருந்தா. முடியப் புடிச்சுத் தூக்குனதுக்கு அப்பறம்தான் சொன்னா, கடைவீதி பாத்திரக்கடை மாரப்பன்னு.

அந்த ஆளு எனக்கும் தெரிஞ்சவருதான். அறுவது வயசிருக்கும். கடை வாசல்ல ஒரு ஸ்டூலு, ஒரு சின்ன மேசை, ஒரு மிசினு. அந்த மிசினுக்கு நானே ஒருக்கா காயில் கட்டிக் குடுத்திருக்கேன் பாருங்க. நான் போறப்ப ஒரு கல்யாணப் பொண்ணு வீட்டுக்காரங்க சீரு சாமான் எடுத்துட்டு இருந்தாங்க. அவரு ஒரு அண்டாவ மடியில வெச்சு வெட்டிட்டு இருந்தாரு. நான் மரியாதையாத்தானுங்க கேட்டேன். ஏனுங்க, இது நீங்க வெட்டுனதான்னு.

அந்த ஆளு கண்ணாடிய மேல ஏத்திப் பாத்துட்டு சொல்றாரு, "ஆமாங்க, அம்மிணி கொண்டாந்தாங்க. செம கெட்டி எஃகுங்க, ஊசி ரெண்டு ஒடிஞ்சு போச்சு. ஆனா எழுத்து முத்து முத்தா வந்திருக்குதுங்களா? பேரு வெட்டுனாத்தானுங்க பொருளுக்கே மதிப்பு."

மதிப்புங்கறாரு. என்ர கிட்டயே.

பித்தளை எடை போடற தராசு பக்கத்துலயே இருந்துச்சு. அஞ்சு கிலோ கல்லு. அவரு வலது கையப் புடிச்சு மேசை மேல வெச்சு மூணு தடவை போட்டேன். நாலுன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. மூணுதான். மொதல் அடியில அந்த ஆளு கத்தக்கூட இல்ல, என்ன பண்றீங்கங்கற மாதிரி என்ர மூஞ்சியவே பாத்தாரு. ரெண்டாவதுலதான் கத்துனாரு. மூணாவது அடிக்கு வெரலெல்லாம் வெரலு மாதிரியே இல்ல. கட்ட வெரலும் அடுத்த ரெண்டு வெரலுமுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். கம்பி வெச்சு ஒட்டுனாலும் இனி மிசினு புடிக்க முடியாதாம். அவரு என்னமோ ஓவியம் வரையறவரு மாதிரி பேசறாங்க. சொம்புல பேரு எழுதறவருங்க.

அப்பறம் கடைக்காரப் பசங்க மூணு பேரு என் மேல விழுந்தாங்க. ஒருத்தனக் குத்துவெளக்காலயே போட்டேன், தோள்பட்டை எறங்கிருச்சு. டம்ளரு அடுக்கு மொத்தமும் சரிஞ்சு ரோடு வரைக்கும் உருண்டுச்சு. அந்தக் கல்யாணப் பொண்ணு ஒரு மூலையில நின்னு வீறு வீறுன்னு கத்துச்சு. எனக்கும் நல்ல அடிதான். இதா, இந்த விலா எலும்பு இன்னும் மூச்சு உட்டா வலிக்குது. ஆனா நான் ரெண்டு கையயும் வாட்ச்சு இருந்த பாக்கெட்டு மேல வெச்சு மூடிக்கிட்டேன். மூஞ்சியில மிதிச்சாங்க, மிதிக்கட்டும்னு உட்டுட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸு வெச்சுப் பாத்தேனுங்க. ஒரு கீறல் இல்ல. நீங்களே பாத்துக்கலாம், லென்ஸு தர்றேன்.

தண்ணி குடிக்கறீங்களா? மூஞ்சி வெளுத்துப் போச்சு. பஸ்ஸுல வந்த அசதி.

மச்சான் அன்னைக்கே வந்துட்டான். தவமணிய ஆட்டோவுல ஏத்துனான். அவள எங்க கூட்டிட்டுப் போறன்னு சட்டையப் புடிச்சேன், அவன் தள்ளுனான், நான் தலையால ஒரு முட்டு முட்டுனேன். மூக்கு ஒடைஞ்சுருச்சு. அவனுக்கு ஏற்கனவே சைனஸுங்க. அப்படியே ரத்தத்தத் தொடச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏறிப் போயிட்டான், திருப்பி அடிக்கவே இல்ல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நம்ம பக்கம் நாயம் இருக்கறதுனாலதான் அடிக்கலைன்னு அப்பறம் புரிஞ்சுக்கிட்டேன்.

அவளுக்குக் காதுல சவ்வு கிழிஞ்சிருச்சாமுங்க. சின்ன ஓட்டைதான், தானா மூடிக்கும்னு மொதல்ல சொன்னாங்க. இப்ப மூடலையாம். அந்தப் பக்கம் கேக்காதாம். முன்னாலயெல்லாம் மெதுவாப் பேசுவா, இப்பப் போன்ல கத்திக் கத்திப் பேசறா. காது கேக்காததுனால அப்படிப் பேசறான்னு மச்சான் சொல்றான். எனக்கென்னமோ திமிருன்னுதான் தோணுது.

மாரப்பன் இன்னும் ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கலீங்க. தவமணிதான் அவரு வீட்டுக்குப் போயி, கால்ல விழுகாத கொறையாக் கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கா. வெச்சுட்டு எனக்கு ஒரு கண்டிசன் போடறா. போன்ல அவ சொன்னத அப்படியே சொல்றேன்.

"அந்த வாட்ச்ச வித்துருங்க. என்ன வெலைக்குப் போனாலும் சரி. வர்ற காச உங்க கையாலயே கொண்டு போயி அந்த மனுசங்கிட்டக் குடுங்க. குடுத்துட்டீங்கன்னா நான் வீட்டுக்கு வர்றேன். வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். இல்லீன்னா மாரப்பனோட ஸ்டேசனுக்குப் போயி, என்ர காதுக்கும் அவரு கைக்கும் நானே சாட்சி சொல்லுவேன்."

காசு பெருசில்லீங்க. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு லட்சத்துச் சொச்சம், அது பட்டறைக் கணக்குலயே இருக்குது, வேணும்னா இப்பவே குடுத்துருவேன். அவ ஒத்துக்க மாட்டேங்கறா. இதத்தான் விக்கணுமாம். பாருங்க, விக்காதீங்கன்னு பேரு வெட்டுனவளும் அவதான், வித்துருங்கன்னு சொல்றவளும் அவதான். என்ன மனசோ.

ஆமாங்க, இன்னைக்குத்தான் வெள்ளிக்கெழம. மணி நாலரை ஆச்சு. அதுக்கென்ன, மாரப்பன் வீடு இங்கிருந்து வண்டியில பத்து நிமிசம்.

நான் விக்க மாட்டேன்னு சொல்லலீங்க. வெளம்பரம் போட்டு மூணு வாரமாச்சு. அவ வேணும், வீடு வெறிச்சோன்னு கெடக்குது. ஓட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்க மாட்டேங்குது. காலையில எந்திரிச்சா பேசறதுக்கு ஆளில்ல. நெசமாச் சொல்றேன், ஒரு நாளு அடுப்படியில நின்னு அழுதேன். ஆனா வெலைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்தாங்க. மொதல்ல வந்தவரு ஒரு லட்சங்கறாரு. ஊரான் பொண்டாட்டி பேரு போட்ட வாட்ச்ச ஆருங்க கட்டுவாங்கன்னு சிரிக்கறாரு. அவரு கார்க் கண்ணாடிய நான் ஒடைக்கலை. கல்லு எறிஞ்சேன், அது கண்ணாடியில பட்டுச்சு. இன்னொருத்தன் கோயமுத்தூர்க்காரன், பின்மூடியத் தேச்சு எழுத்த எடுத்துறலாம், ஆனா தகடு மெலிஞ்சிரும், அதுக்குத் தனியாக் கழிக்கணும்னான். அவன் கழுத்தப் புடிச்ச அடையாளம் ஒரு வாரம் இருந்திருக்கும்.

நீங்க அப்படி இல்லீங்க. மோதரத்தக் கழட்டுனீங்க, கையக் கழுவுனீங்க, வாட்ச்ச ரெண்டு கையாலயும் புடிக்கறீங்க. சொல்லுங்க. உங்க மனசுல என்ன வெலை?

ஒண்ணு அறுவதா?

இல்ல, சரியாத்தான் கேட்டுச்சு. ஒரு லட்சத்து அறுவதாயிரம். அதாவது எம்பதாயிரம் கழிக்கறீங்க. எதுக்குக் கழிக்கறீங்க? ஓடலையா? நிமிசம் தப்புதா? கண்ணாடி கீறியிருக்குதா? பேருக்கு. தவமணி ஜெகதீசன்ங்கற பேருக்கு எம்பதாயிரம் கழிக்கறீங்க. எங்க பேரு என்ன அழுக்கா? கறையா? பதினஞ்சு வருசம் குடும்பம் நடத்துன பேருங்க அது.

உக்காருங்க.

உக்காருய்யா. கதவுப் பக்கம் என்ன பார்வை? தாப்பாளு கொஞ்சம் இறுக்கம், தெரியாதவங்க தெறக்க முடியாது. மொதல்ல வாட்ச்சக் கீழ வை. உழுந்தா என்ன ஆகும்? துணி மேல வை. அப்படித்தான். இந்த மணிக்கட்ட நான் சும்மாதான் புடிச்சிருக்கேன், இழுக்காத. இழுத்தாத்தான் வலிக்கும். நான் உன்னய என்ன பண்ணுனேன்? தண்ணி வேணுமான்னு கேட்டேன். எல்லாத்தயும் மறைக்காமச் சொன்னேன். இவ்வளவு நேரம் ஒரு மனுசன் தன்னோட கஷ்டத்தச் சொல்றான், கேட்டுப்போட்டு ஒண்ணு அறுவதுங்கற. எந்திரிச்சா எலும்ப எண்ணிக்கிட்டுத்தான் சேலம் போவ.

என்ன? சத்தமாச் சொல்லு.

ரெண்டு நாப்பதுக்கே எடுத்துக்கறீங்களா? நான் வாங்குன வெலைக்கே? இப்பவே போன்லயே அனுப்பறீங்களா?

இருங்க, இருங்க. கைய உட்டுட்டேன், பாருங்க. செவந்திருச்சு, தேச்சு உடுங்க, சரியாப் போயிரும். அழுவாதீங்க, பெரிய மனுசன் நீங்க. நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். பொருளோட அருமை தெரிஞ்சவருன்னு நீங்க உள்ள வந்தப்பவே எனக்குத் தெரியும். ரெண்டு நாப்பது. வாங்குன வெலை அப்படியே. அந்தக் கோயமுத்தூர்க்காரன் இங்க இருந்திருக்கணும். என்ர மச்சான் இருந்திருக்கணும். தண்ணியில போட்ட காசுன்னானே.

ஒரு நிமிசம் போன வைங்க. இன்னும் அனுப்பிராதீங்க.

பேரோட, தேதியோட, பூவோட நீங்க ரெண்டு நாப்பதுக்கு எடுத்துக்கறீங்க. ஒரு ரூவா கொறச்சுக் கேக்கலை. கேட்ட ஒடனே சரின்னுட்டீங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? வெலை ஏறியிருக்குதுன்னு அர்த்தம். நான் பழைய வெலையவே புடிச்சுத் தொங்கிட்டு இருக்கேன். இவ்வளவு சுளுவா ஒருத்தரு குடுக்கறாருன்னா, நான் கம்மியாச் சொல்லிப்போட்டேன்னுதானே?

போன் அடிக்குது. எங்கூட்டுக்காரிதான். மணி அஞ்சாயிருச்சா அதுக்குள்ள? பேசாம இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

சொல்லு தவமணி. விக்கலை. விக்கலைன்னேன். அட, கேக்கற காதுல வெச்சுக் கேளு. வெலை ஏறியிருச்சுடி, இங்க ஒருத்தரு வந்திருக்காரு, நம்ம பேரோடயே ரெண்டு நாப்பது தர்றேங்கறாரு. இன்னும் ஒரு மாசம் பொறுத்தா... என்ன? நீயும் மாரப்பனும் ஸ்டேசன் வாசல்லயா நிக்கறீங்க? இல்ல, கையில காசு இல்ல, நான்தான் விக்கலைன்னு சொல்றேனே. நான் சொல்றதக் கேளு, இது ஏறிட்டே போற சாமானு. தவமணி.

வெச்சுட்டாளுங்க. கேட்டுச்சோ என்னமோ.

சரி, அவள உடுங்க. நீங்க சொல்லுங்க, மூணு லட்சம்னா எடுத்துக்கறீங்களா?